பொன்மலை இன்ஸ்டிட்யூட் இரவுகள்

டிசம்பர் 31 நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் பொன்மலை லோகோ ஷெட்டில் நிற்கும் நீராவி எஞ்சின்கள் எல்லாம் ஒன்றாக ஊதும். டியூட்டியில் இருக்கும் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் விசிலை இழுத்துப் பிடித்தால் லேசில் விடமாட்டார்கள். காலனி வீடுகளின் ஜன்னல் கண்ணாடி அதிரும், மாதா கோயில் மணி அதோடு சேர்ந்துகொள்ளும், தெருநாய்கள் திசைக்கொன்றாக ஓடும். அந்த நேரம் இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் பாண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தியிருப்பார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆடிய இடத்திலேயே நின்று, பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். எழுபதுகளின் திருச்சி அது. மலைக்கோட்டைப் பக்கம் கடைகள் அடைத்து, இரண்டாவது ஆட்டம் பார்க்கப் போனவர்களைத் தவிர ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். பொன்மலையில் நாங்கள், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், வியர்வையில் நனைந்த சட்டையோடு அடுத்த பாட்டுக்காகக் காத்து நிற்போம்.

ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் மண்டபம் என்றால் நம் மனத்தில் சினிமா வரைந்து வைத்த படம் ஒன்று இருக்கிறது. மங்கிய விளக்கு, வில்லன், கையில் கோப்பை, அரைகுறை உடையில் ரீட்டா என்றோ லில்லி என்றோ பெயர் வைத்த ஒரு பெண். பல பத்தாண்டுகளாக நம் படங்கள் ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்குக் கொடுத்த இடம் அதுதான். அந்தப் பொய்யை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நான் ஆடி வளர்ந்த மண்டபத்தில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. சுவரோரம் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் தாய்மார்களும் பாட்டிமார்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணிடம் எப்படிப் போய்க் கேட்பது, அவள் மாட்டேன் என்றால் எப்படித் திரும்பி வருவது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த மண்டபம்தான். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டிலும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள்

தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-ல் அது பொன்மலைக்கு இடம் மாறியபோது இயந்திரங்களோடு மனிதர்களும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். என் தாத்தா அப்படி வந்தவர். கடல் காற்றில் வளர்ந்தவர்களுக்குத் திருச்சி வெயில் பிடிபடவே பல வருடம் ஆனது என்று பாட்டி சொல்வார். பணிமனையைச் சுற்றி நேர்கோட்டில் போட்ட வீதிகள், வேப்பமரங்கள், உத்தியோகத்துக்கு ஏற்ற அளவில் வீடுகள். மேலே பங்களா, கீழே ஒட்டுச்சுவர் வைத்த வரிசை வீடு. ஒருவர் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்று தெரிந்தால் அவர் சம்பளத்தை நாங்கள் சொல்லிவிடுவோம்.

மெயில் டிரைவர், கார்டு, ஃபோர்மேன் போன்ற வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய இருந்தார்கள். ஊரில் அவர்களைச் சட்டைக்காரர்கள் என்பார்கள். தகப்பன் வழியில் ஐரோப்பிய வம்சம், பிறந்து வளர்ந்து சாவதெல்லாம் இந்த மண்ணில். ரயில், தபால் தந்தி, சுங்கம் ஆகிய துறைகளில் பிரிட்டிஷ் ஆட்சி அவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து வைத்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது ஒரேயடியாக நிற்கவில்லை. அரசியல் சாசனத்தின் 336-ஆவது பிரிவு, முதல் இரண்டு ஆண்டுகள் பழைய வழக்கப்படியே வேலை கொடுத்து, பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்து, பத்தாண்டு முடிவில் முற்றிலும் நிறுத்த வழி செய்தது. 1960-ஓடு அது தீர்ந்தது. ஆக, என் வயதுப் பையன்களுக்கு அவர்கள் தகப்பன்மார் பார்த்த வேலை காத்திருக்கவில்லை. நாங்கள் ஆடத் தொடங்கியபோதே அவர்கள் வீடுகளில் பாஸ்போர்ட் பேச்சு தொடங்கியிருந்தது. அந்த இரவுகளில் இருந்த வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ரயில்வே காலனி என்றால் இன்ஸ்டிட்யூட் இருக்கும். பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர் என்று எங்கே போனாலும் காணலாம். நூலகம், பில்லியர்ட்ஸ் மேசை, மேடையோடு கூடிய பெரிய மண்டபம். வெள்ளைக்காரர் காலத்தில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஓர் இன்ஸ்டிட்யூட், மற்ற இந்தியருக்கு வேறொன்று என்பதுதான் பல காலனிகளில் நடைமுறை. என் அப்பா பணிமனையில் ஃபிட்டர், சங்கத்து ஆள். 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலையில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது அப்பாவின் குரல் மாறிவிடும். டான்ஸுக்குப் போகட்டுமா என்று நான் முதல்முறை கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "அந்த மண்டபத்துக்குள்ள நம்ம ஆளு தட்டு தூக்கத்தான்டா போனான்."

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையை ஓரமாக வைத்துவிட்டு இந்த இரவுகளைக் கொண்டாட எனக்கு மனமில்லை. எழுபதுகளில் மண்டபத்தின் வாசல் எங்களுக்கும் திறந்திருந்தது. ஆனாலும் திறந்த வாசலில் நுழையத் துணிச்சல் வேண்டியிருந்தது. எனக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தவன் என் வகுப்புத் தோழன். அவன் அப்பா மெயில் டிரைவர்.

சிவப்புத் தரையில் முதல் பாடம்

அவர்கள் வீட்டு முன்னறையில் சிவப்பு ஆக்சைடு தரை. மூலையில் ஒரு ரேடியோகிராம். ரேடியோ சிலோனின் ஆங்கில ஒலிபரப்பு சிற்றலையில் ஏறி இறங்கிக் கேட்கும். இல்லாவிட்டால் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகள். ஜிம் ரீவ்ஸ், எல்விஸ், கிளிஃப் ரிச்சர்ட். தோழனின் அம்மாவான ஆன்ட்டி மேசையையும் நாற்காலிகளையும் சுவரோடு தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். ஜைவுக்கு அடிப்படை மிகச் சின்னது. ஒரு கால் பின்னால், மறுகால் நின்ற இடத்தில், பிறகு இந்தப் பக்கம் மூன்று குறுநடை, அந்தப் பக்கம் மூன்று குறுநடை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்டத்திலிருந்து பிறந்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களோடு கடல் கடந்து வந்த ஆட்டம் அது. எனக்கு அந்த வரலாறு எதுவும் அப்போது தெரியாது. ஆன்ட்டியின் உள்ளங்கை என் உள்ளங்கையை லேசாக அழுத்தினால் திரும்ப வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"கைய முறுக்காத பையா. அவ கை அது, உன் சைக்கிள் ஹேண்டில்பார் இல்ல" என்பார். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. திரும்பச் சொல்லிக் கேட்க வேண்டும், அவள் திரும்ப இடம் கொடுக்க வேண்டும். இதைத்தான் அவர் வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். காலடி தானாக வந்தது.

வால்ட்ஸ் மூன்று தட்டு, ஃபாக்ஸ்டிராட் நான்கு. வால்ட்ஸில்தான் பையன்கள் திணறுவார்கள். ஜைவில் தப்பினால் சிரித்துச் சமாளிக்கலாம். வால்ட்ஸ் மெதுவானது, நெருக்கமானது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. "அவ தோளுக்கு மேல பாரு. எதிர்ல இருக்கிற சுவர்ல ஒரு படம் மாட்டியிருக்குன்னு நினைச்சுக்க" என்று தோழனின் பாட்டி நாற்காலியிலிருந்தே சொல்வார். அந்தக் காலத்தில் அவர் மே குயின் பால் நடனத்தில் மகுடம் வாங்கியவர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

நான் கற்றுக்கொண்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா இரவு ஷிஃப்ட் போன நாள்களில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டை வாயாலேயே முணுமுணுத்துக்கொண்டு ஆடுவோம். பாவாடை தாவணியில் ஜைவ் ஆடுவது சுலபமில்லை. தாவணி முனையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஆடுவாள். என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். தாளம் அவளுக்கு ரத்தத்திலேயே இருந்தது. அம்மா எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போல அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் மண்டபத்துக்கு அக்காவை அனுப்புவது பற்றிப் பேச்சே எழவில்லை. அவளும் கேட்கவில்லை. நான் இரவு ஆடிவிட்டு வந்து படுத்தால், விழித்திருந்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். என்ன பாட்டு, யார் என்ன உடுத்தியிருந்தார்கள், யார் யாரோடு ஆடினார்கள், யார் உட்கார்ந்தே இருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்வேன். எங்கள் தெருத் தமிழ்ப் பெண்கள் ஒருவர்கூட அந்த மண்டபத்தில் ஆடியதாக எனக்கு நினைவில்லை. பையன்களுக்குத் திறந்த வாசல் அவர்களுக்குத் திறக்கவே இல்லை. அதை மூடி வைத்தவர்கள் எங்கள் வீட்டார்தான்.

கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்

சனிக்கிழமை மாலையே வேலை தொடங்கிவிடும். மெழுகுவத்தியைக் கத்தியால் சீவித் தரையில் தூவி, மேலே டால்கம் பவுடர் போட்டு, சின்னப் பிள்ளைகளைக் கோணிப்பையில் உட்காரவைத்து மண்டபம் முழுக்க இழுப்போம். பிள்ளைகளுக்கு விளையாட்டு, தரைக்கு வழவழப்பு. ரப்பர் அடி போட்ட ஷூ அந்தத் தரையில் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். தோல் அடி வைத்த ஷூ வேண்டும். என்னிடம் இருந்தது வெள்ளைக் கேன்வாஸ் மட்டும். தோழனின் அண்ணனுடைய பழைய ஷூவில் முன்பக்கம் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு போவேன். பிரில்கிரீம் தடவிய தலை, பெல்பாட்டம், அகலக் காலர். பெண்களின் ஃபிராக்குகள் பெரும்பாலும் அவர்கள் அம்மாக்களே வீட்டு மெஷினில் தைத்தவை. ஒரே துணி இரண்டு வீட்டில் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு.

முதலில் ஹவுஸி நடக்கும். எண்களைக் கூப்பிடுகிறவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார். பதினொன்று வந்தால் 'லெக்ஸ் லெவன்', மண்டபமே சீட்டியடிக்கும். பிறகு மேடையில் பாண்டு ஏறும். சாக்ஸபோன், டிரம்பெட், கிட்டார், டிரம்ஸ், பியானோ. வாசிக்கிறவர்கள் பகலில் கார்டாகவும் டிக்கெட் பரிசோதகராகவும் கிளார்க்காகவும் இருப்பவர்கள். முந்தைய நாள் விழுப்புரம் பாசஞ்சரில் பச்சைக்கொடி காட்டிய கை, அன்று இரவு சாக்ஸபோன் கட்டைகளில் ஓடும்.

கேட்கும் முறைக்கு எழுதாத சட்டம் இருந்தது. மண்டபத்தைக் குறுக்கே கடந்து, எல்லோர் கண்ணும் பார்க்க, அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். முதலில் அவள் அம்மாவுக்கு ஒரு வணக்கம். பிறகு அவளிடம், இந்த நடனத்தை என்னோடு ஆட முடியுமா என்ற கேள்வி. சரி என்றால் கையை நீட்டலாம், அதற்கு முன் நீட்டக் கூடாது. முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, நண்பர்களிடம் போய் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆடி முடிந்ததும் நடுமண்டபத்தில் விட்டுவிட்டு வரவும் கூடாது. நாற்காலிவரை கொண்டுவந்து விட்டு, அம்மாவிடம் மறுபடி ஒரு சொல்.

பெண்ணுக்கும் ஒரு சட்டம். ஒருவனிடம் முடியாது என்று சொன்னவள் அதே பாட்டுக்கு இன்னொருவனோடு எழக் கூடாது. அந்தப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மறுக்கப்பட்டவன் மனம் நோகக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். நியாயமாகப் பார்த்தால் சுமை முழுக்க அவள் தலையில்தான். தனக்குப் பிடித்த பாட்டில், பிடிக்காதவன் ஒருவன் முதலில் வந்து கேட்டுவிட்டால் அவளுக்கு அந்தப் பாட்டே போயிற்று. பெண்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வேண்டாதவன் நெருங்குவது தெரிந்தால் சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

திருச்சியின் மற்ற தெருக்களில் அதே வயதுப் பையன்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பஸ் நிறுத்தத்தில் பெண்களின் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். பேசத் தெரியாததால் கேலி செய்தார்கள். திரையில் கதாநாயகனும் அதையேதான் செய்தான், பெண் கடைசியில் அவனையே காதலித்தாள். எங்களுக்குச் சனிக்கிழமை தோறும் இருநூறு பேர் முன்னால் ஒரு பெண்ணிடம் மறுப்பு வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து திரும்பி நடக்கும் பயிற்சி கிடைத்தது. பின்னாளில் என் வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் அது கைகொடுத்தது. அதைவிடப் பெரிய படிப்பு எனக்கு வாய்க்கவில்லை.

எல்லாம் அப்படி விறைப்பாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 'பால் ஜோன்ஸ்' என்றொரு சுற்று உண்டு. பெண்கள் உள்வட்டம், ஆண்கள் வெளிவட்டம், இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். இசை நின்றதும் எதிரே நிற்பவர்தான் ஜோடி. பதினாறு வயதுப் பையனுக்கு எதிரே எழுபது வயதுப் பாட்டி நிற்பார். அடுத்த முறை அவன் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணே நிற்பாள். 'எக்ஸ்கியூஸ் மீ' என்று அறிவித்த நடனத்தில், ஆடிக்கொண்டிருப்பவன் தோளைத் தட்டினால் அவன் ஜோடியை விட்டுக்கொடுத்துவிட்டு விலக வேண்டும். நல்ல ஆட்டக்காரிகளின் ஜோடிக்குத் தோளே தேய்ந்துவிடும். 'ஸ்பாட் டான்ஸ்' என்றால், இசை நிற்கும்போது யாருக்கும் தெரியாமல் முன்பே குறித்து வைத்த இடத்தில் நிற்பவர்களுக்குப் பரிசு. ஒரு கேக், அல்லது ஒரு டப்பா பிஸ்கட்.

இடைவேளையில் கட்லெட், பான் ரோல், தேங்காய்ப்பாலில் ஆக்கிய மஞ்சள் சோறு, கோலா உருண்டைக் குழம்பு, அதோடு நாக்கைச் சுடும் சிவப்புச் சட்னி. கிறிஸ்துமஸ் காலமென்றால் கல்கல்லும், எங்கள் வீட்டு அச்சுமுறுக்கைப் போலவே இருக்கும் ரோஸ் குக்கியும். தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து 1974-ல் திரும்பி வந்தது. இரண்டு காலத்திலும் எங்கள் கைக்கு வந்தது கலர் பாட்டில்தான். சுவரோர ஆன்ட்டிகளின் கண் அப்படி.

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது வாசலில் கால் பாய் வந்து நிற்பான். ரயில் ஓட்டுகிற ஊழியர்களின் வீடு தேடிப் போய், எத்தனை மணிக்கு எந்த வண்டி என்று சொல்லி, கால் புக்கில் கையெழுத்து வாங்குவது அவன் வேலை. டிரைவர் வீட்டில் இல்லையென்றால் இன்ஸ்டிட்யூட்டுக்கு வருவான். காக்கி அரைக்கால் சட்டையும் கையில் விளக்குமாக மண்டபத்தின் ஓரத்தில் தேடிக்கொண்டே நடப்பான். கோட்டும் டையுமாக ஆடிக்கொண்டிருந்தவர் சுவரில் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவியின் கையை மகன் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு மணி நேரத்தில் அவர் கரிப்புகைக்கு நடுவில் நிற்பார். மண்டபத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த வண்டி கிளம்பும் ஊதல் கேட்கும். அவர் மனைவி ஆடிக்கொண்டே தலையை நிமிர்த்தி ஒரு கணம் கேட்பார். பிறகு மகனோடு ஆட்டத்தைத் தொடர்வார்.

கடைசி நடனம் எப்போதும் வால்ட்ஸ். எங்கள் காலத்தில் அதற்கு எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்கின் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' பாட்டை விட்டால் வேறில்லை. 1967-ல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த பாட்டு அது. பாடியவர் 1936-ல் சென்னையில் பிறந்தவர், பிறந்தபோது வைத்த பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டோர்சி, சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு லெஸ்டருக்குப் போனவர். "நம்ம மெட்ராஸ் பையன் மேன்" என்று தோழன் ஒவ்வொரு முறையும் சொல்வான். அந்தப் பாட்டுக்கு யாரைக் கேட்பது என்பதை மாலையிலிருந்தே முடிவு செய்து வைத்திருப்போம். அதில் மட்டும் யாரும் யார் தோளையும் தட்டமாட்டார்கள்.

1974

அந்த ஆண்டு மே 8-ஆம் தேதி ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. நாடு முழுவதும் சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். 27-ஆம் தேதி திரும்பப் பெறும்வரை 20 நாள். பொன்மலையில் அந்த மே மாதம் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. என் அப்பாவும் வேலைக்குப் போகவில்லை, தோழனின் அப்பாவும் போகவில்லை. கைதுக்குப் பயந்து ஆண்கள் பலர் வீட்டில் தங்காத இரவுகள் அவை. எங்கள் கொல்லை முருங்கைக்காய் அவர்கள் வீட்டுக்குப் போனது, அவர்கள் கோழி இட்ட முட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. துரைமார் பக்கம் நிற்பவர்கள் என்று அப்பா நினைத்திருந்தவர்களில் ஒருவர், தன் பக்கத்தில் நிற்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸ் டான்ஸ் நடந்த இரவு, அப்பா இன்ஸ்டிட்யூட் வாசலுக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டுப்போக வந்ததாகச் சொன்னார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வராந்தாத் தூண் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்தார். நான் ஆடிக்கொண்டிருந்தேன், அவரைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. அவர் கையசைத்து ஆடச் சொன்னார். தோழனின் அப்பா வெளியே வந்து கைகுலுக்கினார், உள்ளே வரச் சொன்னார். அப்பா மாட்டேன் என்று தலையசைத்தார். அங்கிள் வற்புறுத்தவில்லை. உள்ளே போய், ஒரு தட்டில் கட்லெட்டும் கேக்கும் தானே எடுத்து வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். இரண்டு பேரும் அங்கேயே நின்று, ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து டான்ஸுக்குப் போகிறேன் என்று சொன்னால் அப்பா, "ஷூவுக்குப் பாலிஷ் போட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

போனவர்களும் இருப்பவர்களும்

1962-ல் வந்த குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கதவு ஒடுங்கிவிட்டது. ஆஸ்திரேலியா 1966-ல் தன் வெள்ளையர் கொள்கையைத் தளர்த்தி, 1973-ல் குடியேற்றத்தில் நிறம் பார்ப்பதை விட்டது. எங்கள் வயதுக்காரர்கள் போன இடம் பெர்த்தும் மெல்பர்னும். ஒவ்வொரு குடும்பம் கிளம்பும்போதும் மண்டபத்தில் ஒரு வழியனுப்பு நடனம். முதலில் எப்போதோ ஒன்று. பிறகு ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்கு நாள் குறித்தார்கள். பாண்டில் முதலில் டிரம்பெட் போனது, பிறகு பியானோ. வாசிக்க ஆளில்லாமல் பியானோவுக்கு உறை போட்டு வைத்தார்கள். தோழன் வீட்டாரும் போனார்கள். ரேடியோகிராமை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா இருந்தவரை அதற்கு அவர்தான் தூசி தட்டினார்.

நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தது, மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த நியமன இடங்கள் 104-ஆவது திருத்தத்தோடு 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தன. ஒரு நியமன உறுப்பினரோடு 235 பேர் உட்கார்ந்த தமிழ்நாடு சட்டமன்றத்தில் இப்போது 234 பேர். அந்தச் செய்தி நாளிதழில் சின்னதாக வந்தது. சென்னையிலிருந்து ஹாரி மெக்லூர் நடத்தும் 'ஆங்கிலோஸ் இன் தி விண்ட்' இதழ் போன்ற முயற்சிகள் இல்லையென்றால், இந்த வாழ்க்கை இருந்ததற்கான எழுத்துச் சான்று இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். தமிழில் அது ஏறக்குறைய எழுதப்படவே இல்லை. பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் நாம். இந்தக் கடன் நமக்கும் உண்டு.

திருச்சியில் இன்னமும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருக்கின்றன. பொன்மலையிலும் கிராஃபோர்டிலும் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் கேக் வெட்டியதும் வால்ட்ஸ் தொடங்குகிறது. மணமக்கள் முதலில், பிறகு பெற்றோர், பிறகு எல்லோரும். சென்ற கிறிஸ்துமஸ் சமயத்தில் அப்படி ஒரு கல்யாணத்துக்குப் பெர்த்திலிருந்து தோழன் வந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஷூ மட்டும் பளபளவென்று இருந்தது. நான் அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். பேரன் பேத்தி எடுத்தவர், முழங்காலில் வலி, பட்டுப்புடவை. சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோழன் குறுக்கே நடந்து வந்தான். பக்கத்தில் இருந்த எனக்கு முதலில் ஒரு வணக்கம் வைத்தான். பிறகு அக்காவிடம் குனிந்து, தமிழில், "அக்கா, இந்த டான்ஸ் என்னோட ஆடுறீங்களா?" என்றான். கையை நீட்டவில்லை. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. முந்தானையை எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார்.

ஒரு கால் பின்னால், மறுகால் நின்ற இடத்தில். தோழன் மெதுவாகத்தான் தொடங்கினான்; இரண்டாவது சுற்றில் வேகத்தைக் கூட்டியது அக்காதான். இரண்டு பாட்டு ஆடிவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டுக்கு மணமகன் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து கேட்டார். கால் வலிக்கிறது, மன்னிக்கணும் என்று அக்கா சொல்லி அனுப்பினார். உடனே என் மகன் வந்து, "வாங்க அத்தை" என்று கூப்பிட்டான். "இந்தப் பாட்டுக்கு எழுந்திருக்கக் கூடாதுடா. அடுத்ததுக்கு வா" என்றார். பாட்டு முடியும்வரை நாற்காலியிலேயே இருந்தார். அடுத்தது தொடங்கியதும் எழுந்தார்.